தாய்மார்கள் வெளியே காத்திருக்கவும்

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் கதவுக்கு வெளியே இருந்தவர்கள்: தம்பி, தம்பியின் மனைவி, அக்கா, முக்காலியில் காவலாளி. தம்பியின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய மூத்தவன். அவனையும் சேர்த்துச் சொல்வதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. இரட்டையில் இளையவள் உள்ளே இருந்தாள். நன்றாக இருக்கிறாள் என்றார்கள். விடிந்தபோது மூத்தவனைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

"கனமே இல்லக்கா," என்றான் தம்பி. "துணிதான் கனக்குது."

"எடுத்துட்டுக் கிளம்புங்க சார். இங்க நிக்கக் கூடாது," என்றார் காவலாளி.

"இன்னொண்ணு உள்ள இருக்குங்க."

தம்பியின் மனைவி கதவில் இருந்த சின்னக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். சட்டையின் முன்பக்கம் பால் ஊறி நனைந்திருந்தது.

"அண்ணி, அவ கால் நீலமா இருக்கு."

அக்கா எட்டிப் பார்த்தாள். இருந்தது. ஒரே படுக்கையில் மூன்று குழந்தைகள். ஓரத்தில் கிடந்தவள்மேல் விளக்கின் சூடு சரியாக விழவில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் இந்த மருத்துவமனையில் ஏன் அதிகம் சாகின்றன, சாலைக்கு அந்தப் பக்கம் காசு கட்டும் மருத்துவமனையில் ஏன் பிழைக்கின்றன என்று ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. தாய்மார்களிடம் கேள்வி கேட்பது அக்காவின் வேலை. குழந்தையை வெறும் நெஞ்சில் போட்டு வைத்திருந்தீர்களா? அந்தப் பக்கத்தில், சாய்வு நாற்காலியில் நாள் முழுக்க வைத்திருந்தோம் என்றார்கள். இந்தப் பக்கத்தில் சிரித்தார்கள். எங்க விட்டாங்க? அவள் அதையும் பதில் என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவாள்.

காலையிலும் இவர்கள் பால் கொடுக்கும் நேரம் வரட்டும் என்றுதான் நின்றிருந்தார்கள். அதற்குள் மூத்தவன் போய்விட்டான்.

அக்காவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காவலாளி அப்போதுதான் கவனித்தார். எழுந்து நின்றார்.

"ஆராய்ச்சி மேடமா? முன்னாடியே சொல்லக் கூடாதா? நீங்க உள்ள போலாம்."

"நான் போய் என்ன பண்ண? இவள விடுங்க. நெஞ்சோட போட்டுக்கிட்டா சூடு ஏறும்."

"அம்மாங்கள பால் நேரத்துக்குத்தான் விடணும். கிருமி வரும்னு உத்தரவு."

தம்பியின் மனைவி திரும்பினாள். "அப்ப அண்ணிகிட்ட இருக்கிறது படிச்ச கிருமியா?"

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியின் கையைப் பார்த்ததும் அடங்கியது. "என் வேலை போயிடும்மா," என்றார் மெதுவாக. "அட்டை இருந்தா விடலாம். இல்லன்னா முடியாது."

அக்கா அட்டையைக் கழற்றித் தம்பி மனைவியின் கழுத்தில் மாட்டினாள். நாடா அவள் முடியில் சிக்கிக்கொண்டது. படத்தில் அக்கா கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது ஏதாவது கேட்டா, அண்ணி?"

"தலைய மட்டும் ஆட்டு. எங்க ஆபீஸ்ல பாதி பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க."

காவலாளி மேற்கூரையைப் பார்த்தபடி கதவைத் தட்டினார். "ஆராய்ச்சி மேடம் வந்திருக்காங்க."

நர்ஸ் திறந்தாள். அட்டையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள். அக்கா நர்ஸின் வாயையே பார்த்தாள். இப்போது கத்துவாள். இனி பால் நேரத்துக்குக்கூட விடமாட்டாள். அதற்குள் அந்தக் கால்...

"செருப்பக் கழட்டிட்டு வாங்க மேடம்," என்றாள் நர்ஸ். "கைய நல்லாக் கழுவுங்க. சட்டைப் பட்டனையும் கழட்டிடுங்க."

தம்பியின் மனைவி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "அக்கா, இவன..."

"கொஞ்சம் இருடா."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.