செர்வா பேரம் பேசாத நிலம்

கானா நாட்டுக் குமாசி சந்தையில் உறைமீன் வியாபாரம் செய்கிற செர்வாவுக்கு ஒரு கொள்கை உண்டு. எதிராளிக்கு நன்றி சொல்லிவிட்டால் அடுத்த தடவை அவன் விலையை ஏற்றிவிடுவான். அதனால் யார் எதை நீட்டினாலும் முதலில் முகத்தைச் சுளிப்பாள், புரட்டிப் பார்ப்பாள், "இவ்வளவுதானா?" என்பாள். ஒரு தகரப்பெட்டி மீனில் ஆரம்பித்து, அந்த முகச்சுளிப்பை வைத்தே குளிர்கிடங்குகள் கட்டியவள்.

இப்போது பக்கத்து நாட்டு அபிஜானிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அவளோடு கூட்டு நிறுவனம் தொடங்க வந்திருந்தது. இயந்திரமும் முதலும் அவர்களுடையது. நிலமும் சந்தையில் உள்ள பெயரும் அவளுடையது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்குள் எல்லாவற்றையும் துருவிப் பார்த்துச் சொல்ல அவள் அமர்த்திய வக்கீல் அராபா, சிரித்துக்கொண்டே ஆளை உரித்துவிடுகிற ரகம்.

"பெரிய கிடங்கு நிக்குதே, அந்த நிலம் யார் குடுத்தது அக்கா?"

"ஓபெங் மாமா. எங்கம்மாவுக்கு அண்ணன். அவரே சம்பாதிச்சு வாங்கின இடம்."

"குடுத்தப்ப நன்றிக்குன்னு மது பாட்டில் வெச்சீங்களா? சாட்சிங்க முன்னாடி?"

செர்வா சிரித்தாள். "தாய்மாமனுக்குப் போய் யாராவது நன்றி சொல்வாங்களா? என்ன பொண்ணும்மா நீ!"

அராபா பேனாவை மூடினாள். "குடுக்கறவர் குடுத்தா மட்டும் பத்தாது அக்கா. வாங்கினவங்க நாலு பேர் முன்னாடி பாட்டில வெச்சு நன்றி சொல்லணும், அவர் ஏத்துக்கிட்டுக் குடிக்கணும். அப்பதான் குடுத்தது குடுத்ததா ஆகும். நம்ம வழக்கம் அதுதான், கோர்ட்டும் அதைத்தான் கேக்கும். நாளைக்கு மாமா கண்ணை மூடினா, அவர் பையன் யாவ் வந்து கிடங்குக்குப் பூட்டுப் போடலாம். இப்படித் தொங்கிட்டிருக்கிற நிலத்தை நம்பி அபிஜான்காரங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. நிலம் உங்களுதுதான்னு சொல்லி நீங்க போடவும் நான் விட மாட்டேன்."

"உனக்கு ஃபீஸ் குடுக்கறது நானா, அவங்களா?"

"நீங்கதான். அதனாலதான் உங்க கையைப் பிடிக்கிறேன்."

செர்வா கணக்குப் போட்டாள். கிடங்கு போனால் கம்பெனி போகும், பெயரும் போகும். "சரி, ஒரு பாட்டில்தானே," என்றாள். "எது மலிவு?"

"அக்கா!"

மறுநாள் காலை பன்டாமாவில் மாமா வீட்டு முற்றத்தில் உறவுக்காரர்கள் கூடினார்கள். பெரிய மனிதரிடம் நேராகப் பேசக்கூடாது என்பதால், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மாமாவுக்கு எல்லாமே அடூ என்கிற பேச்சாளர் வழியாகத்தான் போயாக வேண்டும். செர்வா நல்ல ஜின் பாட்டிலாகவே வாங்கி வந்திருந்தாள். பாட்டிலை அடூ கையில் கொடுக்கப் போனபோது யாவ் எழுந்தான்.

"நில்லுங்க. என்ன நன்றி? இந்தம்மா சந்தை முழுக்க என்ன சொல்லிட்டுத் திரியுது? 'மாமாவையே பேரம் பேசி மடக்கிப் பாதி விலைக்கு வாங்கினேன்'னு. அப்ப அது விற்பனை. பணம் எங்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. கடைகடையாக அவள் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை அது. சொந்த மாமனையே உரித்தவளிடம் நமக்கென்ன மிஞ்சும் என்று எதிராளிகள் பாதியிலேயே இறங்கி வருவார்கள். அவளுடைய மூலதனத்தில் பாதி அந்தக் கதைதான்.

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. "சரி யாவ், நீ எவ்வளவுன்னு..."

அராபா அவள் காலை நன்றாக மிதித்தாள். காதருகே குனிந்து, "விலைன்னு ஒரு வார்த்தை வந்தாலும் அது கொடை இல்ல அக்கா," என்றாள். "பேரம் பேசினீங்களா, இல்லையா? நடந்ததை அப்படியே சொல்லுங்க. எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

செர்வா எழுந்தாள்.

"அடூ அண்ணே, மாமாகிட்டச் சொல்லுங்க. நான் பேரமே பேசல. கரண்ட் போய்ப் போய் என் மீனெல்லாம் அழுகிப்போன வருஷம் அது. வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டார். மாமா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னு, 'என் இடம் சும்மாதான் கிடக்கு, போய் உன் பெட்டிய அங்க வை'ன்னார். ஒரு காசு கேக்கல. சந்தையில நான் சொன்னதெல்லாம் பொய். நன்றி மாமா. ரொம்ப நன்றி."

அடூ அதை ஓதுவது போலத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். மாமாவுக்குப் பொறுமையில்லை. வழக்கத்தை உடைத்து நேராகவே கத்தினார்.

"மூஞ்சியச் சுளிச்சியே, அதையும் சொல்லுடி!"

"சொன்னேன் மாமா. ரோட்டை விட்டு ரொம்ப உள்ள இருக்கேன்னு சொன்னேன்."

முற்றமே குலுங்கிச் சிரித்தது. யாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா முன்னோர்களுக்குத் தரையில் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குடித்தார். கிளாஸ் சுற்றி வந்தது. யாவிடம் அதை அராபாவே எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். அப்பா குடித்த கிளாஸை ஊரார் முன்னால் எப்படி மறுப்பது? குடித்தான்.

"சாட்சிக்கு வந்ததுக்கு நன்றி தம்பி," என்றாள் அராபா.

குடித்ததாலேயே தானும் சாட்சியாகிவிட்டது புரிந்து அவன் காலி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலையே நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கிப் பதிவுக்கு அனுப்பியாயிற்று. அவன் கையெழுத்தும் அதில் இருந்தது.

நடந்த காரியத்துக்கு மறுநாள் காலையில் போய் இன்னொரு தடவை நன்றி சொல்வதும் அங்கே வழக்கம்தான். யாரும் ஞாபகப்படுத்தாமல் செர்வா போனாள்.

மாமா அவள் கைகளைச் சந்தேகமாகப் பார்த்தார். "மறுபடி என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மாமா. நேத்தைக்கு நன்றி சொல்ல வந்தேன்."

அத்தை அவித்த சேனையும் கீரைக் குழம்பும் வைத்தாள். "நல்லாயிருக்கு அத்தை," என்றாள் செர்வா, முகம் சுளிக்காமல். அத்தை பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து முடிந்ததும் அபிஜான் முதலாளி கை குலுக்கினார். "அருமையான இடம்மா. என்ன விலைக்கு முடிச்சீங்க?"

பழைய கதை நாக்கு நுனி வரை வந்தது. செர்வா அதை விழுங்கினாள்.

"விலையா? எங்க மாமா சும்மா குடுத்தார் சார். உங்க அபிஜான்ல இருக்கா இப்படி ஒரு மாமா?" அந்தப் பழைய மிடுக்கில் ஒரு துளி குறையவில்லை.

பிறகு அராபாவின் பக்கம் சாய்ந்தாள். "நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கு வர்றேன்."

"எதுக்கு, ஃபீஸக் குறைக்கவா?"

"ஃபீஸ் தனி. அதைக் குறைக்காம விட்டுடுவேனா? இது நன்றி சொல்ல."