மேல், கீழ், பின்னால்

காலை பதினொன்று இருபதுக்கு மேலாளர் என் மேசையில் ஒரு தாளை வைத்தார்.

நடக்க முடியாதவர்களைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தும் இயந்திரம். அதன் பொத்தான்களுக்குத் திசை காட்டும் ஆங்கிலச் சொற்கள் ஏழு. போன மாதம் ஜெர்மனில் எழுதிக் கொடுத்திருந்தேன். கீழே இறக்கும் பொத்தானில் 'அவுஃப்வெர்ட்ஸ்' என்று அச்சாகியிருக்கிறது. மேல்நோக்கி என்று பொருள். மேலே தூக்கும் பொத்தானில் 'ட்சுரூக்'. பின்னால். ஜெர்மனியில் அதைச் சோதித்துப் பார்த்தவர் தூக்க நினைத்து இறக்கிவிட்டார். அவருடைய கால் அடியில் இருந்தது. இரண்டு விரல்கள் முறிந்தன.

"தப்பு யாரோடது? எழுதினவங்களா, சரிபார்த்தவங்களா? பன்னண்டு மணிக்குள்ள சொல்லணும். ஒருத்தர் போயாகணும்," என்றார்.

கோப்பைத் திறந்தேன். ஆங்கிலச் சொற்கள் ஒரு பத்தியில் எழுத்து வரிசையில் இருந்தன; எதிரே இன்னொரு பத்தியில் ஜெர்மன். ஒரே சொல் இரண்டு முறை வந்துவிட்டதா என்று பார்க்க, ஜெர்மன் பத்தியை மட்டும் தனியாக எழுத்து வரிசையில் அடுக்கியிருக்கிறேன். திரும்ப மாற்றாமல் சேமித்துவிட்டேன். சொற்கள் இடம் மாறிப் போயிருந்தன. இடதும் வலதும் மட்டும் தற்செயலாகத் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

தேதியைப் பார்த்தேன். என் கணவர் வீட்டை விட்டுப் போனதற்கு மறுநாள். அன்று வழக்கம்போல் வேலைக்கு வந்திருந்தேன். மதியம் சாப்பிட்டேன்.

சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவருடைய தங்கை. அடுத்த மேசை. நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க அண்ணனுக்கு வீட்டுக்கு வழி தெரியல. நீங்க ஜெர்மன்காரனுக்கு மேல கீழ சொல்லித் தர்றீங்க. நல்ல ஜோடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"நீ பாக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"இடது, வலது பாத்தேன். சரியா இருந்துச்சு. அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தப்புறம் உங்க வேலையில நொட்டை சொல்ல மனசு வரல, அண்ணி. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்ண?"

"நீங்க வாயத் திறக்காதீங்க. சரிபார்க்கும்போது நான்தான் மாத்தி அடுக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"உன் வீட்டுக்காரருக்கு வேலை இல்ல."

"உங்களுக்கு வீட்டுக்காரரே இல்ல. இந்த வேலையும் போச்சுன்னா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எங்க அண்ணன் பண்ணினதுக்கு நாங்க ஏதாவது செய்ய வேணாமா?"

அவள் கண் கலங்கியிருந்தது. யாருக்கோ நடப்பதைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. அவள் முகம் கழுவப் போனாள்.

நான் எழுந்து மேலாளர் அறைக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே, பத்தியை மாற்றி அடுக்கியது நான், அனுப்பியதும் நான் என்றேன். குரல் சாதாரணமாக இருந்தது.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சரிபார்ப்புத் தாளை எடுத்தார். ஏழு சொற்களுக்கும் எதிரே ஏழு டிக். கீழே என் நாத்தனாரின் கையெழுத்து. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க மாத்தி அனுப்பினது சரிம்மா. அவங்க இதப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டாங்களா, பாக்காமலேயா? அத மட்டும் சொல்லுங்க."