மச்சான் வெட்டிய துண்டு

சலூன்காரருக்குக் கப்பல் பைத்தியம். கடலோடு பழகியவரா என்றால் அதெல்லாம் இல்லை, படகில் கால் வைத்தாலே குடலைப் புரட்டும். ஆனாலும் கடை விடுமுறை என்றால் போதும், முன்னறை மேசையில் பிளாஸ்டிக் தகட்டையும் பசையையும் பரப்பிக்கொண்டு மாதிரிக் கப்பல் கட்ட உட்கார்ந்துவிடுவார். இந்தமுறை கட்டியது எண்ணெய்க் கப்பல். அதன் மேல்தளம் முழுக்கக் குழாய்கள். பேனா ரீஃபில் தடிமனில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வாங்கி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்ட வேண்டும்.

அந்தக் குழாயில் மனுஷன் தன் தலையெழுத்தையே கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவர் விரல் நரம்புகளைப் பதம் பார்த்துவிட்டுப் போனது. வலது கை மரத்துப்போய் டீ டம்ளர்கூட நழுவியது. பிறகு மெல்ல மெல்லத் தேறியது. "கை நல்லாயிருக்கு, வேலைக்குப் போங்க" என்று டாக்டரும் சொல்லியாயிற்று. அடுத்தவர் தொண்டையில் சவரக்கத்தி வைக்கப்போவது டாக்டரா? சலூன்காரருக்குத் துணிச்சல் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். வெட்டிய குழாய்த் துண்டை மேசைமேல் நிமிர்த்தி வைப்பது. நேராக நின்றால் கடையைத் திறப்பது. சாய்ந்தால் கடையை யாரிடமாவது கொடுத்துவிட்டு வீட்டோடு கிடப்பது.

வெட்டியதெல்லாம் சாய்ந்தது. கத்தரிக்கோலால் வெட்டினால் குழாயின் வாய் நசுங்கி, கோபித்துக்கொண்ட பிள்ளையின் உதடு மாதிரி ஆனது. அட்டை வெட்டும் கத்தியை வைத்து அழுத்தினால் பாதிவரை ஒழுங்காகப் போய், மீதிப் பாதியில் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டது. இரும்பு அறுக்கும் ரம்பம் இன்னும் மோசம், விளிம்பெல்லாம் தும்பு தும்பாகக் கிளம்பியது. அவர் ஆயுதத்தைக் குறை சொல்லவில்லை. தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது, மனுஷன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கப்பல் கவுந்துடுச்சா?"

"கடையக் குடுத்துடலாம்னு பாக்குறேன்."

அவள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கிண்டிக் கிளறி விஷயத்தை வாங்கியதும் அவளுக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"டாக்டர் சொன்னா ஏறாது, பொண்டாட்டி சொன்னா ஏறாது, இத்துனூண்டு குழாய் சொன்னா மட்டும் ஏறுமாக்கும்? குடுங்க இங்க!"

கத்தியைப் பிடுங்கி ஒரு துண்டு வெட்டி நிறுத்தினாள். அதுவும் சாய்ந்தது.

"பாத்தீங்களா? எனக்கும் நரம்புக் காய்ச்சலா?"

"உனக்குப் பழக்கம் இல்ல. எனக்கு இந்தக் கைதானே எல்லாம்" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. அவள் நேராகப் போய்த் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் பல்செட் செய்கிறவர். மெழுகில் கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளத்தைச் செதுக்கும் கை. அந்தக் கையைப் பற்றிச் சலூன்காரருக்கு அவ்வளவு மரியாதை. "மச்சான் கைக்குக் கோயிலே கட்டலாம்" என்பார். வந்தவர் வாசலிலேயே தங்கையிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்தார்.

"நகருங்க மாப்பிள்ளை. இதென்ன பெரிய வித்தை?"

நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, கத்தியை வைத்து அழுத்தினார். துண்டை நிறுத்தினார். அது சாய்ந்து உருண்டு தரையில் விழுந்தது.

"அட சனியனே!" இன்னொன்று வெட்டினார். அதுவும் கோணல். "விடுங்க மாப்பிள்ளை. இது இந்தக் கத்தியால ஆகுற காரியம் இல்ல. கை என்ன பண்ணும் பாவம்?"

சலூன்காரர் குனிந்து தரையில் கிடந்த துண்டை எடுத்தார். மச்சானின் கை வெட்டியதே இத்தனை கோணலா! எத்தனையோ நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சற்றே இறங்கியது. அன்று சாயங்காலமே மச்சான் அவரைக் கையோடு மாதிரிக் கப்பல் கட்டும் சாமான் விற்கிற கடைக்கு இழுத்துப்போனார்.

கடைக்காரர் முதலில் சக்கரக் கத்தி ஒன்றைக் கொடுத்தார். குழாயை அதில் கவ்வவைத்துச் சுற்றினால், சின்னச் சக்கரம் சுற்றிவர வெட்டும். சலூன்காரர் ஆசையில் அதை இறுக்கும் திருகாணியை ஒரே மூச்சில் முறுக்க, குழாய் படக்கென்று விரிசல் விட்டது.

"பொறுமையா இருந்தா இது சரிப்படும். உங்க அவசரத்துக்கு இதுதான்" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். கையகல மரப்பெட்டி, அதன் இரண்டு பக்கச் சுவரிலும் நேருக்கு நேராகக் கீறிய பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஓடுகிற ஒரு மெல்லிய ரம்பம். அதன் பல் சீப்பின் பல்லைவிடப் பொடிசு.

"அழுத்தாதீங்க. ரம்பத்தோட கனமே போதும். சும்மா இழுங்க."

சலூன்காரர் இழுத்தார். துண்டு விழுந்தது. விரலால் விளிம்பைத் தடவித் துகளைத் துடைத்துவிட்டு நிறுத்தினார். நின்றது. ஊதிப் பார்த்தார், அப்போதும் நின்றது. கடைக்காரர் முன்னாலேயே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சலூன் திறந்தது. முதல் ஆளாக வந்து நாற்காலியில் சாய்ந்தவர் மச்சான். கண்ணை மூடித் தொண்டையை நீட்டிக்கொடுத்தார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கீறல் இல்லை. அன்றுமுதல் மச்சானின் கோணல் துண்டு சலூன் கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பா பக்கத்தில் இருந்தது. மனசு பயந்துகொள்ளும்போதெல்லாம் சலூன்காரர் அதை ஒருதரம் பார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட கைக்கே அந்தக் கதி என்று நினைத்துக்கொண்டால் தெம்பு வந்துவிடும்.

கப்பல் முடியப்போகிற ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். சலூன்காரர் கப்பலுக்கடியில் தலையைக் கொடுத்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். மச்சானுக்குப் போன் வந்தது. யாருக்கோ பல்செட் பொருந்தவில்லையாம்.

"அவரு வாயத் தொறந்து கடிச்சுப் பாத்தாரா, பொட்டியிலேயே வெச்சுப் பாத்தாரா?" என்று மச்சான் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அவருடைய சும்மா இருக்காத கை மேசையிலிருந்த குழாயை எடுத்தது. பழைய அட்டைக் கத்தியையும் எடுத்தது. கத்தியை அழுத்தாமல், அதன் விளிம்புக்கடியில் குழாயை முன்னும் பின்னும் உருட்டியது. சுற்றிவரக் கோடு விழுந்ததும் 'டிக்' என்று ஒடித்து, துண்டை மேசைமேல் நிறுத்தியது.

துண்டு ஆணி அடித்ததுபோல் நின்றது.

போனை வைத்துவிட்டுத் திரும்பிய மச்சான், மாப்பிள்ளை தன்னையே பார்ப்பதைக் கண்டார். பிறகு துண்டைப் பார்த்தார். முகம் மாறிப்போனது.

"இது... தன்னால வந்துடுச்சு மாப்பிள்ளை."

"மச்சான்."

"குருட்டாம்போக்குல—"

"மச்சான், அன்னைக்கு வேணும்னேதானே கோணலா வெட்டுனீங்க?"

மச்சான் கத்தியின் பிடியைத் துடைத்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை. சலூன்காரர் கையிலிருந்த பசையைக் கீழே வைத்தார். தன் கையின் பேர் கெட்டால் கெடட்டும் என்று ஒருத்தர் தனக்காக இப்படி விட்டுக்கொடுத்திருக்கிறாரே! நேராக வெட்டத் தெரிந்த கையைக் கோணலாக ஓட்டுவது எத்தனை கஷ்டம் என்பது கத்தி பிடிக்கிற ஆளுக்குத் தெரியாதா?

"நீங்க நல்லா இருக்கணும் மச்சான்" என்றார்.

அப்படியே எழுந்து சலூனுக்குப் போய், கண்ணாடிக்குக் கீழிருந்த கோணல் துண்டை எடுத்துவந்தார். கப்பலில் ஒரே ஓர் இடம் பாக்கி. எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற புகைக்குழாய். அங்கே பசை தடவி, அந்தத் துண்டை ஒட்டினார்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அத்தனையும் நேரா வெச்சுட்டு உச்சியில போயி கோணலா ஒட்டுறீங்களே! நேரா ஒண்ணு நிக்குதே, அத எடுத்து ஒட்டுங்க."

சலூன்காரர் விரலை எடுக்கவில்லை. பசை காயும்வரை, நடுக்கமில்லாமல், அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் விடும்மா" என்றார் மச்சான், எங்கோ பார்த்துக்கொண்டு. "புகைக்குழாய்னா கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கும்."