ஒரு முறம் தவிடு

“இந்தா உன் தவிடு! எம் பொண்ண அனுப்பு!”

“ஏழு வருசம் கழிச்சு முறத்தத் தூக்கிக்கினு வர்றியே, தவிட்டுக்கு வட்டி எங்கடீ?”

பக்கத்து வீட்டுத் தறியில் இருந்த எனக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. முதலில் கத்தியவள் சங்கீதா. பதில் சொன்னவள் அவள் ஓரகத்தி இந்திராணி.

சங்கீதாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த சில நாளில் இறந்துவிட்டன. மூன்றாவதாகத் துளசி பிறந்ததும், எங்கள் வழக்கப்படி அவளை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார்கள். பிள்ளை வேறு வீட்டுடையது என்று எமன் ஏமாந்து போவானாம். பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவள் பிள்ளையில்லாத இந்திராணி. சங்கீதா நெடுநாள் நோயில் கிடந்தாள். திருப்பி வாங்க யாரும் வரவில்லை. துளசி பெரியம்மா வீட்டிலேயே வளர்ந்துவிட்டாள்.

நான் ஓடிப் போனபோது சங்கீதாவின் புருஷன் ஆனந்தகுமார் துளசியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். இந்திராணி பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துத் தறிக்காலில் மோதினான். நெற்றி பிளந்தது. தரையெல்லாம் தவிடும் ரத்தமும்.

தறிக்குழியிலிருந்து அவன் அண்ணன், இந்திராணியின் புருஷன் குமாரசாமி எழுந்தார். “காய்ச்சல் வந்தா மார்ல போட்டுக்கினு ஓடினவன் நானு. நீ அப்ப எங்கடா இருந்த?”

ஆனந்தகுமார் இழை அறுக்கும் கத்தியை எடுத்துத் தறியில் நீண்டிருந்த பாவு நூலை ஒரே வீச்சில் அறுத்தான். பாதி நெய்த முகூர்த்தப் புடவை. இழைகள் சுருண்டு துள்ளின. எங்கள் தெருவில் ஆளை அடித்தால் பேசித் தீர்த்துவிடலாம். பாவை அறுத்தால் தீராது.

குமாரசாமி கையிலிருந்த, குறுக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையால் தம்பியின் முகத்தில் குத்தினார். நாடாவின் இரண்டு முனையிலும் இரும்பு. இடது கண்ணில் இறங்கியது.

துளசி “அப்பா!” என்று அலறினாள். இரண்டு பேருமே அவள் பக்கம் திரும்பினார்கள்.

ஆனந்தகுமாருக்கு அந்தக் கண் போய்விட்டது. குமாரசாமி ஜெயிலில். துளசி காப்பகத்தில். அவள் யார் பிள்ளை என்று இனி கோர்ட்தான் சொல்ல வேண்டும்.

இந்திராணியின் வக்கீல் பாலாஜி என்னிடம் வந்தார். “தத்துக்குப் பத்திரம் இருந்தே ஆகணும்னு இல்லண்ணே. விட்டுக் குடுக்குற மனசோட பெத்தவங்க குடுத்திருக்கணும், எம் புள்ளைன்னு இவங்க வாங்கியிருக்கணும். வெறும் சடங்குன்னா செல்லாது. அன்னிக்கு என்ன பேசினாங்க? முறம் புடிச்சது நீங்கதானாமே?”

நான்தான் பிடித்தேன். கச்சபேஸ்வரர் கோயில் வாசலில். பெற்றவர்கள் இருவரும் “இது எங்க புள்ள இல்ல, உம் புள்ள” என்று மூன்று முறை சொன்னார்கள். அது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சங்கீதா அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள்: “உசுரோட இருந்தா போதும்க்கா. உங்கிட்டயே இருக்கட்டும்.” ஆனந்தகுமாரும் தலையாட்டினான். அது சடங்கில் கிடையாது.

நேற்று சங்கீதா வந்தாள். “முனுசாமிண்ணே, அந்தக் கடைசிப் பேச்ச மட்டும் சொல்லாதீங்கண்ணே. அது எமனுக்குச் சொன்னது. அக்காவுக்குச் சொன்னது இல்ல.”

அவள் போனதும் நெற்றித் தையலோடு இந்திராணி வந்தாள். “காதுல கேட்டத சொல்லுங்கண்ணே. கூட ஒண்ணும் வேணாம்.”

திங்கட்கிழமை நான் கூண்டில் ஏற வேண்டும். கேட்டது எனக்குத் தெரியும். அன்று சங்கீதா மனசில் என்ன இருந்தது என்று தெரியாது. உங்கள் வீட்டில் தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை உண்டா? கொடுக்கும்போது எமனை ஏமாற்றத்தான் அப்படிச் சொன்னீர்களா, இல்லை பிள்ளை பிழைத்தால் போதும் என்று நிஜமாகவே விட்டுவிட்டீர்களா? திங்கட்கிழமைக்குள் எனக்குப் பதில் எழுதுங்கள்.