இன்னொரு சீட்

என் மாமனாரின் வண்டியில் மொத்தமே இரண்டு சீட். ஒன்று அவருடையது. சண்டையெல்லாம் இன்னொன்றுக்குத்தான். சண்டை என்றால் வாய்ச்சண்டை இல்லை, என் வயிற்றுக்குள் நான் தனியாகப் போட்டுக்கொண்டிருந்த சண்டை. எதிராளிக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

எதிராளி என் ஓரகத்தி. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கி வந்தவள். மாமனார் என்னைப் பெரியவ என்பார், அவளைச் சின்னவ என்பார். வீட்டை ஒட்டியே எங்கள் ஒர்க்‌ஷாப். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் எஞ்சின் வேலை பார்ப்பார்கள். பிரேக் என்னுடையது. பதினெட்டு வருஷமாக என் கை படாமல் எந்த வண்டியின் பிரேக்கும் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. வந்தாள் மகராசி. "அக்கா, நானும் கத்துக்கட்டுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டாள். எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் இது.

வண்டி நாற்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, கூரை கிடையாது, உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். மாமியார் இருந்தவரை அந்தப் பக்கத்து சீட் அவருக்கு. அவர் போய் ஐந்து வருஷமாக அதில் யாரும் உட்காரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பழைய கார் வைத்திருப்பவர்கள் மலை உச்சியில் கூடுவார்கள். மாமனார் காலி சீட்டோடு போய்விட்டு, காலி சீட்டோடு வருவார். யாரையாவது கூப்பிட்டால் மூத்த மருமகளைத்தானே கூப்பிட வேண்டும்? நான் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஐந்து வருஷமும் காத்திருந்தேன்.

இந்த வருஷக் கூட்டத்துக்காகப் பிரேக்கை முழுசாகப் பிரித்து மாட்டினோம். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பேட், ஹோஸ் எல்லாம் சின்னவள். மாஸ்டர் சிலிண்டர் நான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளிவிடுவது அதுதான். மாமனார் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சின்னவ போட்ட பேட் பிரமாதம். பெடல்தான் கொஞ்சம் இறங்கிப் பிடிக்குது."

பெடல் என் வேலை. அவள் வேலை பிரமாதம், என் வேலை இறங்கிப் பிடிக்கிறது. எனக்குச் சுருக்கென்று குத்தியது. நேராகப் போய் பெடலுக்கு மேலே தலையை விட்டேன். பெடலிலிருந்து ஒரு சின்னத் தண்டு போய் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அதற்காகத் தண்டுக்கும் அதற்கும் நடுவே எள்ளளவு இடைவெளி விட்டுவைப்போம். தண்டை இரண்டு சுற்றுத் திருகி அந்த இடைவெளியை நான் தின்றுவிட்டேன். கூடாது என்று தெரியும். நானே சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்.

மாமனார் மறுபடி ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அடடா! தொட்டதும் பிடிக்குதே! யார் கை இது?"

"என் கைதான் மாமா."

"இந்த வருஷம் என்கூட நீ வாம்மா."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சின்னவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கையைத் துடைத்தபடி சிரித்தாள். வயிறு எரிந்தால் என்னைப் போல எரிந்து தொலைக்க வேண்டியதுதானே, என்ன சிரிப்பு?

அடுத்த ஞாயிறு மாமனார் வெள்ளோட்டமாகத் தனியாக மலைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. முன் பம்பரில் மண் அப்பியிருந்தது. வண்டியிலிருந்து கருகல் நாற்றம்.

"ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கறப்போ நாலாவது வளைவுல மிதிக்கிறேன், பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கவே இல்ல. ஓரத்து மண்மேட்டுல ஏத்தித்தான் நிறுத்தினேன்."

"பேட் மாமா," என்றேன் மூச்சுவிடாமல். "சூடு தாங்காத பேட்டா இருக்கும். பிரேக் சூடேறினா மட்டமான பேட் வழுக்கத்தான் செய்யும்."

பேட் சின்னவளின் வேலை என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மாத்திடறேன்க்கா," என்றாள்.

மாற்றவும் செய்தாள், இருப்பதிலேயே உசத்தியான பேட் வாங்கி. மாமனார் பக்கத்தில் நின்று பார்த்தவர், அவள் தோளைத் தட்டி, "இந்தத் தடவ பிரேக் ஒழுங்கா பிடிச்சா, நீதான்மா என்கூட வரணும்," என்றார்.

என்னைக் கூப்பிட்டதே அவருக்கு மறந்துவிட்டது போல. ஐந்து வருஷம் காத்த சீட், ஒரு தோள்தட்டலில் போயே போய்விட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். சின்னவள் பக்கத்துத் தெருக்களை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து வண்டியை நிறுத்தினாள், சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள். எல்லோரும் உள்ளே. இதுதான் சமயம் என்று நான் வண்டியிடம் போனேன். அவள் தப்பைக் கையும் களவுமாகப் பிடித்து மாமனார் முன்னால் வைக்க வேண்டும். வேறு எந்த நல்ல எண்ணமும் எனக்கு இல்லை.

முன் சக்கரத்தில் கை வைத்தேன். சுட்டது! சமதரைத் தெருவில் மெதுவாகப் போன வண்டிக்கு எதற்கு இந்தச் சூடு? மாட்டினாயா, என்று சந்தோஷமாக ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையவில்லை. பெடலில் காலே இல்லை, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிரேக்கில் காற்று எடுக்கும் நிப்பிளை லேசாகத் தளர்த்தினேன். ஆயில் சர்ரென்று பீறிட்டது. சக்கரம் தங்குதடையில்லாமல் சுற்றியது.

பேட் சிக்கியிருந்தால் ஆயில் பீறிடாது. உள்ளே தள்ளிய ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. ஏன் வழியில்லை? பிஸ்டன் முழுசாகத் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் இரண்டு சுற்று. சூடேற ஏற ஆயில் விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே அழுத்தும், அழுத்த அழுத்த இன்னும் சூடு. மலை இறங்கும்போது பாவம், எந்தப் பேட் தாங்கும்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நாளைக்கு மறுபடி பிடிக்காமல் போகட்டும், அவள் மானம் போகட்டும். அடுத்த நொடியே நினைவு வந்தது. ஓட்டப்போவது மாமா. பக்கத்தில் அவள்.

உள்ளே குனிந்தேன். பெடலுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் ஒரு டார்ச்சும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரும் கிடந்தன. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டே அதையே எடுத்துத் தண்டின் நட்டைத் தளர்த்தினேன். இரண்டு சுற்றுக் குறைத்தேன். நிப்பிளை இறுக்கி, ஆயிலைச் சரிபார்த்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறக்கினேன். பிரேக் சரி. ஆனால் நாளைக்கு எல்லோரும் என்ன சொல்வார்கள்? சின்னவள் புதுப் பேட் போட்டாள், சரியாகிவிட்டது என்பார்கள். நான் சரிசெய்ததற்கு அவளுக்குப் பேர், கூடவே சீட்! ஸ்பேனரை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன், அவளைத் திட்ட அதுவாவது மிஞ்சட்டும் என்று.

ஞாயிறு காலை மாமனார் துண்டால் சீட்டைத் துடைத்துவிட்டு, "சின்னவளே, ஏறும்மா," என்றார்.

அவள் குனிந்து பெடலைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். தன் பேட் பெருமையை அழுத்திப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சாவியை மாமனாரிடம் நீட்டினாள். "எனக்கு மலைப் பாதை ஒத்துக்காது மாமா, வாந்தி வரும். அக்கா வரட்டும்."

நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் மனசு மாறுவதற்குள் கைப்பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து இறங்கினோம். நாலாவது வளைவில் மண்மேட்டில் இன்னும் டயர் தடம் இருந்தது. அந்தப் பக்கம் பத்தடி தள்ளி, மேடு முடிந்து பள்ளம். மாமனார் மிதித்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

"பாத்தியா? சின்னவ கை ராசி!"

அடுத்த வளைவு. "என்ன பேட்டுடா சாமி!" அதற்கடுத்த வளைவு. "கெட்டிக்காரிம்மா அவ!"

எவ்வளவுதான் பொறுப்பது? "பேட் இல்ல மாமா!" என்று கத்தியே விட்டேன். "பேட்ல எந்தக் குறையும் இல்ல. நான்தான் உங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு தண்டை இடைவெளி இல்லாம திருகிவிட்டேன். அதனாலதான் அன்னிக்குப் பிடிக்கல. நேத்து நான்தான் சரிபண்ணினேன். அவ இல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. அவளுக்குப் பேர் போய்ச் சேரக் கூடாது என்று என் பேரை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "மண்மேட்டுக்குப் பதிலா பள்ளமா இருந்திருந்தா?" என்றார் பிறகு.

"தெரியும் மாமா." அழுகை வந்தது.

"தெரிஞ்சா சரி." கொஞ்ச தூரம் போனதும் அவராகவே, "ஓ, அதுக்குத்தான் சாவியைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாளா?" என்றார்.

"யாரு?"

"சின்னவதான். பேட் மாத்தின அன்னிக்கே. 'அக்கா ஒரு தடவ பாக்காம வண்டிய எடுக்கக் கூடாது'ன்னுட்டா. 'நீதான் பாத்தியே, போதாதா'ன்னேன். 'இல்ல மாமா, அக்கா கண்ணுக்குத்தான் தெரியும்'னா."

என் மடியில் கைப்பை இருந்தது, அதற்குள் ஸ்பேனர். அந்த வண்டியில் பன்னிரண்டாம் நம்பர் சேருவது அந்தத் தண்டின் நட்டுக்கு மட்டும்தான். பேட் மாற்ற அது வேண்டியதே இல்லை. ஐந்து வருஷம் ஏங்கிய சீட்டில் உட்கார்ந்து, மீதி மலை முழுக்க அவளையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கேட்டில் நின்றிருந்தாள். "எப்படிக்கா இருந்துச்சு?"

ஸ்பேனரை நீட்டினேன்.

"அய்யோ, வண்டியிலயே விட்டுட்டேனா!" என்று கண்ணை அகல விரித்தாள். நடிக்க மட்டும் சுத்தமாக வரவில்லை அவளுக்கு.

"மலையிலயே பொறந்து வளர்ந்தவ, உனக்கு மலைப் பாதை வாந்தி வருமாக்கும்?"

அவள் ஸ்பேனரை வாங்கித் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினாள்.

"அடுத்த வருஷம் நீ போற," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர வயிறு எரிவது நின்றபாடில்லை. வேலையில் முந்தினாள், போகட்டும். நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாளே, பாவி.