கோயில் பாடு

சாவு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இளவரசி யோசித்து வைத்திருந்தாள்.

அமாவாசைக்கு வலை இறங்காது, புயல் கூண்டு ஏற்றினால் ஒரு வாரம் சம்பாத்தியம் படுத்துவிடும், ஆடியில் கூழ் ஊற்றும் நாளில் எந்தப் பெண்ணும் மீன்கூடையைத் தூக்க மாட்டாள் என்பதெல்லாம் அவளுடைய செயலிக்குத் தெரியும். ஏரியோர மீனவ ஊரான தோணிரேவில் பிறந்து, சென்னையில் ஒரு பணப்பரிமாற்றக் கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஊருக்கே திரும்பி வந்து தொடங்கிய தொழில். ஊர்க்காரிக்குத் தெரியாதது ஊரில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு அவளுக்கு. அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்த்தது.

தொழில் இதுதான். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஏலம் நடக்கும். இறாலும் நண்டும் மடவை மீனும் எடுத்து மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் விற்கப் போகிற பெண்களுக்குக் கையில் முதல் இருக்காது. வட்டிக்காரர் ஆயிரம் என்று சொல்லித் தொள்ளாயிரம் நீட்டுவார். சாயங்காலம் முழு ஆயிரமாகத் திருப்பித் தர வேண்டும். இளவரசி ஒரு வங்கியைப் பிடித்தாள். அவளுடைய செயலியில் ஆயிரம் கேட்டால் முழு ஆயிரமும் வந்து விழும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஐந்து ரூபாய் சேர்த்துக் கட்டினால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் உண்டே என்று, போனையே பேச வைத்திருந்தாள். பேசும் குரல் அவளுடையதுதான். "அக்கா, துட்டு வந்துடுச்சு, நல்ல எறாவா பாத்து எடுங்க" என்று காலையில் கொஞ்சும். நேரம் தவறினால், "அக்கா, இன்னிக்கு துட்டு இன்னும் வரல, சட்டுனு கட்டிடுங்க" என்று கொஞ்சம் கறாராகச் சொல்லும். வங்கி சோதனை ஓட்டத்துக்குச் சம்மதித்தது. நாற்பது பெண்கள் சேர்ந்தார்கள். முதலில் சேர்ந்தவள் தேவகி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏலம் முடிந்து பெண்கள் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நேரத்தில், தேவகியின் மாமனார் அங்கமுத்து பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நோய் நொடி என்று படுக்காத மனுஷன். நல்ல சாவுதான் என்று ஊர் சொன்னது.

ஊரில் ஒரு உயிர் போனால், பிணம் எடுக்கும்வரை ஏரியில் வலை இறங்காது, கரையில் மீன் விலைபோகாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த சட்டம் இல்லை. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். எடுத்த மீனை ஐஸில் போட்டவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் மீன் வீணாகப் போனது. இளவரசியும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அங்கமுத்து. பெண்களோடு பெண்ணாக வட்டத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு அழுதாள். செயலி, கம்பெனி எதுவும் அவள் நினைப்பில் இல்லை.

மணி ஐந்தடித்தது.

முதலில் தேவகியின் போன். பிணத்தின் தலைமாட்டில், விளக்குக்குப் பக்கத்தில் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். "அக்கா, இன்னிக்கு துட்டு இன்னும் வரல, சட்டுனு கட்டிடுங்க." அது முடிவதற்குள் இன்னொரு பெண்ணின் இடுப்பிலிருந்து அதே குரல். பிறகு கூடத்திலிருந்து, வாசலிலிருந்து, பந்தலுக்கு அடியிலிருந்து. ஒப்பாரி நின்றுவிட்டது. நாற்பது இளவரசிகள் எழவு வீட்டில் துட்டு கேட்டுக்கொண்டிருக்க, நிஜ இளவரசி நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. எழுந்து வீட்டுக்கு ஓடி, கணினியைத் திறந்து அதை நிறுத்துவதற்குள், இன்னொரு முறையும் கேட்டுவிட்டது.

அடுத்த மூன்று நாளில் பெண்கள் ஒருவர் விடாமல் பணத்தைக் கட்டிவிட்டார்கள். அவளிடம் பேசத்தான் யாரும் இல்லை. அதற்குப் பிறகு வங்கியிலிருந்து முரளி என்ற அதிகாரி கூப்பிட்டார்.

"மேடம், உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா எங்க ஸ்கிரீன்ல நாற்பது பேரும் ஒரே நாள்ல சிவப்பு. இப்படி இன்னொரு நாள் வராதுன்னு யார் பொறுப்பு? மாசக் கடைசிக்குள்ள யாராவது அறுபதாயிரம் ஜாமீன் கட்டணும். இல்லேன்னா சோதனை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க."

நிறுத்தினால் கம்பெனி அத்தோடு சரி. மறுநாளே பெண்கள் வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான். இளவரசியின் நகை முன்பே அடகுக்குப் போய்விட்டது. சென்னையில் முதலீட்டாளர்கள் என்று அவள் ஏறி இறங்கிய இடங்களில் நல்ல காப்பி கொடுத்தார்கள், வாழ்த்துச் சொன்னார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவளுடைய அப்பா தசரதன், "படகு எஞ்சின வித்துடறேன்மா" என்றார். "வேணாம் நைனா, அப்புறம் நாம இன்னா பண்றது?" என்று தடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம். ஜாமீன் கேட்க அல்ல, மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் மதிலோரம் நின்றார்கள். தலைவர் முனியன் தலையசைத்ததும் எழுந்து நின்றாள்.

"மாமா, தப்பு என்னுதுதான். ஊருல பொறந்தும் இத மறந்துட்டேன். பேங்கும் நிறுத்தப் போவுது. மன்னிச்சிடுங்க."

"எழவு வூட்ல வசூல் பண்றதுக்குப் பேரு கம்பெனியா?" என்றான் கவியரசன். சொந்தப் படகு வைத்திருக்கிறவன், வாய் கொஞ்சம் நீளம். "நிறுத்தினா நல்லதுதான்."

சிலர் ஆமாம் போட்டார்கள். அப்போது தெருமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. தீட்டு வீட்டார் கோயில் எல்லைக்குள் வரக்கூடாது. அதனால் தேவகி எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று பேசினாள்.

"என் வூட்ல எழவு, நான் பேசறேன். என் போன்தான் மொதல்ல கத்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா எங்க நாத்தனா செத்தப்போ வட்டிக்காரர் ஆளு வாசல்ல வண்டிய நிறுத்தி, துட்ட வாங்கிக்கினுதான் போனான். பொணத்தத் திரும்பிக்கூட பாக்கல. இவ எங்க கூட குந்தி மார்ல அடிச்சிக்கினு அழுதா. கொரலு மட்டுந்தான் தப்பா வந்துச்சு."

ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை.

"பொதங்கெழம எங்க வூட்டுப் பாடு. எங்களுக்காக நீங்கதான் வலை போடுவீங்க. அதுல வர்ற துட்டு எங்களுக்கு வேணாம். இவ பேங்குல கட்டிடுங்க."

ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். அதனால் முறை வைத்து, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று வலை போடுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். கல்யாணமான ஆண்கள் பேரில்தான் பாடு இருக்கும். அம்மன் கோயில் பேரிலும் ஒன்று உண்டு. முறை வரும் நாளில் ஒரு வீட்டில் சாவுத் தீட்டு என்றால், ஊரார் அவர்களுக்காக வலை போட்டு வந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தப் பணத்தைத்தான் தேவகி தூக்கிக் கொடுக்கிறாள். இளவரசியை வெறுக்க எல்லா நியாயமும் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

முனியன் கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "எழவு வூட்டுப் பாட்ட வாங்கித் தின்னா ஊருக்குச் சோறு எறங்குமா?" என்றார். "அது வேணாம். கோயில் பாடு குடுப்போம். துட்டு நாளைக்கே கோயில் கணக்குலருந்து போவட்டும். பாட்டுல வர்றத வச்சு நெரப்பிக்கலாம். ஆத்தா ஒரு தபா விட்டுக் குடுப்பா."

பிறகு இளவரசியைப் பார்த்து, "நஷ்டம் வந்தா யாரு தலையில?" என்று கேட்டார்.

"மொதல்ல என் தலையில மாமா."

"கம்பெனி பெருசாச்சுன்னா ஊர வுட்டுப் போயிடுவியா?"

"மாட்டேன். ஊருக்குப் பத்துல ஒரு பங்கு எழுதித் தரேன்."

படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்தே பழகியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சென்னையில் முப்பது பக்கம் படம் போட்டுக் காட்டியும் முடியாத காரியம், மணலில் நாலு வார்த்தையில் முடிந்தது.

கவியரசனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "பாடு அவளுக்குன்னா அவதான் வந்து நிக்கணும். அதான் மொறை. பொம்பள பாட்டுக்கு நின்னதே இல்லியே."

"நின்னதில்லதான்" என்றார் முனியன். "போனு எழவு வூட்ல பேசினதும் இதுக்கு முன்னாடி இல்ல. எல்லாம் புதுசா வர்றப்போ இது மட்டும் இன்னாத்துக்குப் பழசாவே இருக்கணும்?"

மதிலோரம் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கவியரசன் தலையைச் சொறிந்துகொண்டான்.

திங்கட்கிழமை பணம் வங்கிக்குப் போனது. அன்றைக்கே இளவரசி செயலியில் ஒரு பொத்தான் சேர்த்தாள். ஊரில் சாவு என்றால் தேவகி அதை அழுத்த வேண்டும். எல்லாருடைய தவணையும் இரண்டு நாள் தள்ளிப்போகும், போன் வாயைத் திறக்காது. முரளிக்குச் சந்தேகம் வந்தது.

"துட்டு இல்லாத நாள்ல சும்மா அழுத்திட்டாங்கன்னா?"

"சார், இந்த ஊர்ல எதுக்கு வேணா பொய் சொல்லுவாங்க. சாவு விழுந்துச்சுன்னு மட்டும் பொய் சொல்ல மாட்டாங்க. அது தன் வீட்டுக்கே வந்துடும்னு பயம்."

முரளி சிரித்தார். சோதனை ஓட்டம் தொடரும் என்று எழுத்தில் அனுப்பினார்.

கோயில் பாடு சனிக்கிழமை வந்தது. வெளிச்சம் வருவதற்கு முன்பே படகுகள் கரையில் நின்றன. வலை போடப் போகிறவர்களின் பேரை முனியன் ஒவ்வொன்றாகக் கூப்பிட, அவரவர் பதில் கொடுக்க வேண்டும். அதுவும் முறைதான். இளவரசி அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"கவியரசன்."

"இருக்கேன்."

"தசரதன்."

"இருக்கேன்."

"கோயில் பாட்டுக்காரி, இளவரசி."

அந்தக் கரையில் அதுவரை ஒரு பெண்ணின் பேர் அப்படிக் கூப்பிடப்பட்டதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் அவளும் சுற்றுமுற்றும் பார்த்தாள். தசரதன் முழங்கையால் இடித்தார். "உன்னத்தான்மா."

"இருக்கேன்" என்றாள். குரல் எழும்பவில்லை. கண் நிறைந்துவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு, ஏரி முழுக்கக் கேட்கிறமாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.

"பாத்து ஏறு, கயிறு காலுல மாட்டும்" என்று கவியரசன் படகில் நகர்ந்து இடம் விட்டான். இளவரசி சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.