பெயிண்ட் போன கழுத்து

மூன்றாவது வருஷமாக அந்த முட்டாள் ஒரு மரக்கட்டையைக் காதலித்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை, எங்கள் தீவுகளில் இந்த அல்பட்ரோஸ் கடற்பறவைக்கே முட்டாள் பறவை என்றுதான் பேர். தடியோடு ஆள் வந்தாலும் நின்று பார்க்கும். அப்படி நின்றே இனம் அழியப் பார்த்தது. மிஞ்சியவை போயும் போயும் ஓர் எரிமலைத் தீவில் முட்டையிட்டன. அது வெடித்தால் எல்லாம் போச்சு என்று, பறவை ஆராய்ச்சி செய்யும் செரிசாவா டீச்சர் சில குஞ்சுகளை இந்த ஆளில்லாத் தீவுக்குத் தூக்கி வந்து, கையால் மீன் ஊட்டி வளர்த்தார். சிச்சிஜிமா தீவிலிருந்து அவருக்குப் படகு ஓட்டுகிறவன் நான்.

பறந்துபோனவற்றில் திரும்பி வந்தவன் இவன் ஒருவன்தான். துணை இருப்பதுபோலத் தெரியட்டும் என்று டீச்சர் சரிவில் நட்டிருந்த பறவை வடிவ மரப்பொம்மைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அதன் முன்னால் தலை குனிவான், அலகைத் தட்டுவான். அதைச் சுற்றிப் புல்லும் மண்ணும் குவித்துக் கூடே கட்டிவிட்டான். அவன் கோதிக் கோதி, பொம்மையின் கழுத்தில் மஞ்சள் பெயிண்ட் போய்விட்டது.

இந்தப் பிப்ரவரியில் நிஜப் பெட்டை ஒன்று வந்து இறங்கியது. டீச்சர் சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளிவிட்டார். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தத் தீவில் முட்டை. அவளும் நாள்தோறும் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பறவைகளுக்கு மனிதக் குரல் பழகக் கூடாது. அதனால் புல்லுக்குள் படுத்துக்கொண்டு கிசுகிசுவென்று சண்டை போட்டோம்.

"பொம்மையைப் பிடுங்கிடலாம் டீச்சர்."

"பிடுங்கினதும் அவனும் போயிட்டா? அவ்வளவு வருஷ வேலை, கேப்டன்!"

"இருந்தா மட்டும்? மரம் முட்டை போடப்போகுதா? அந்தப் பொண்ணு எத்தனை நாளைக்குப் பொறுப்பா? எம் பொண்டாட்டியா இருந்தா அன்னைக்கே படகேறியிருப்பா."

"உங்க வாய் இருக்கே!" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "மனுஷ முகம் தெரியாம முக்காடு போட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம வளர்த்தேன் அவனை. பேசியிருந்தா இப்ப எடுத்துச் சொல்லியாவது பார்க்கலாம்." பிறகு, "சரி, பிடுங்குங்க" என்றார்.

அவன் கடலுக்குப் போன நேரத்தில் இறங்கினோம். புயலுக்கு அசையக் கூடாதென்று டீச்சரே ஆழமாக அடித்த முளை, வந்தால்தானே! இருவரும் கையால் மண்ணைத் தோண்டி உருவி எடுப்பதற்குள் தலைக்கு மேல் நிழல் போனது. படகுக்கு ஓட நேரமில்லை. பொம்மையோடு புல்லுக்குள் விழுந்தேன்.

அவன் வழக்கம்போலத் தலைகுப்புற உருண்டு இறங்கினான். கூட்டுக்கு நடந்தான். நடுவில் இருந்த குழியைப் பார்த்தான். அதன் முன்னால் தலை குனிந்து, அலகைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான். டீச்சர் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

இரண்டாம் முறையும் தட்டினான். சரிவின் ஓரத்திலிருந்து பதிலுக்கு ஓர் அலகு தட்டியது. அவன் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினான்.

அந்த நேரம் பார்த்துக் காற்றடித்துப் புல் சாய்ந்தது. என் தோளருகே பொம்மையின் அலகு வெளியே தெரிந்தது. அதன் தலையை மண்ணில் அழுத்தி, மேலேயே கவிழ்ந்து படுத்தேன். பெயிண்ட் போன அந்தக் கழுத்து என் கன்னத்தில் சொரசொரவென்று உறுத்தியது.